ஆறு மாத விண்வெளிப் பயணம்: ஏவுதளம் முதல் தரையிறங்கிய 45-ஆம் நாள் வரை வீரரின் உடலைக் காக்கும் முறை

எடையற்ற இடத்துக்கு மனித உடல் வெகு சீக்கிரம் பழகிவிடுகிறது. சுமை தாங்க வேண்டிய அவசியம் இல்லாததால் எலும்பு தன்னிடமுள்ள கால்சியத்தை வெளியே விடுகிறது. இரத்தத்தைத் தலைக்கு ஏற்றப் பாடுபட வேண்டாம் என்றானதும் இதயம் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதை மூளை புறக்கணிக்கக் கற்றுக்கொள்கிறது. அங்கேயே இருந்துவிடுவதானால் இவற்றில் பெரும்பாலானவை தொல்லையே இல்லை. ஒரு நாள் பூமிக்குத் திரும்ப வேண்டும் என்பதால்தான் இத்தனை பாடும். எனவே கீழே வரும் ஒவ்வொரு படியையும் தரையிறங்கும் நாளுக்கான தயாரிப்பாகவே பார்க்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கித் திரும்பும் பயணத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

ஏவுதலுக்கு 14 நாள் முன்பு: தனிமைப்படுத்தல்

பூமியில் ஜலதோஷம் நாலு நாள் எரிச்சல், அவ்வளவுதான். எடையற்ற நிலையில் சளி கீழே வடியாது. மூக்கின் பின்புறமும் காதுக்குழலிலும் அப்படியே அடைத்து நிற்கும். 1968-இல் அப்போலோ 7 குழுவினர் மூவருக்கும் இந்தக் கதிதான். திரும்பும்போது கலத்தின் காற்றழுத்தம் மாறினால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று பயந்து, மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்துவதற்காகத் தலைக்கவசமே அணியாமல் இறங்கினார்கள். 1970-இல் அப்போலோ 13 கிளம்பும் முன் கென் மேட்டிங்லி ஜெர்மன் அம்மை கண்டவருடன் பழகியிருந்தது தெரிந்து, கடைசி நேரத்தில் அவருக்குப் பதில் ஜாக் ஸ்விகர்ட் அனுப்பப்பட்டார். இன்றைய 14 நாள் தனிமைப்படுத்தும் வழக்கம் இந்த அனுபவங்களில் பிறந்தது.

இந்த நாட்களில் வீரரை நேரில் பார்ப்பவர்கள் எல்லோரும் மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களாக இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, சொந்தப் பிள்ளையானாலும் கண்ணாடிக்கு அப்பால் நின்றுதான் பேச வேண்டும். கல் நெஞ்சம் போலத் தோன்றலாம், ஆனால் இதில் ஒரு சலுகைகூடக் காட்டக் கூடாது. உடலில் ஏற்கெனவே உறங்கும் அக்கி, அம்மை வகை வைரஸ்கள் விண்வெளியின் மன அழுத்தத்தில் விழித்துக்கொள்வது பல வீரர்களின் உமிழ்நீரில் பதிவாகியிருக்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்து அனுப்புவது தகாது.

இதே காலத்தில் எலும்பு அடர்த்தி, விழித்திரை, கழுத்துச் சிரைகளின் இரத்த ஓட்டம், சிறுநீரில் கால்சியம் ஆகியவற்றை அளந்து பதிந்துவிட வேண்டும். இந்த அடிப்படை அளவுகள் கையில் இல்லாவிட்டால், பிறகு மேலே எடுக்கும் எந்த அளவையும் ஒப்பிட வழியிருக்காது.

முதல் மூன்று நாள்: குமட்டல்

புறப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் இரண்டு மூன்று நாள் தலைசுற்றலும் வாந்தியும் வரும். போர் விமானம் ஓட்டியவர் என்பதால் தப்பிவிடுவார் என்று சொல்ல முடியாது. ‘நிமிர்ந்து நிற்கிறாய்’ என்று கண் சொல்லும், ‘விழுந்துகொண்டே இருக்கிறாய்’ என்று காது சொல்லும். இந்த முரண்தான் காரணம்.

செய்ய வேண்டியது எளிது. தலையை வேகமாகத் திருப்பக் கூடாது. திரும்புவதானால் உடலோடு சேர்த்துத் திரும்ப வேண்டும். குழுவில் எல்லோரும் ஒரே திசையைத் தரை என்று வைத்துக்கொண்டால் புதியவருக்குக் கண் குழப்பம் குறையும். மாத்திரை விழுங்கினால் வாந்தியில் போய்விடும், குடலும் மந்தமாகவே உறிஞ்சும். அதனால் புரோமெத்தசின் மருந்தைத் தசையில் ஊசியாகப் போடுவதே பலன் தரும். தூக்கம் வரும் என்பதால் படுக்கும் நேரத்தில் போடுவது வழக்கம். முதல் மூன்று நாளில் யாரையும் வெளி நடைக்கு, அதாவது விண்வெளி உடையோடு நிலையத்துக்கு வெளியே போய்ச் செய்யும் வேலைக்கு, அனுப்பக் கூடாது. தலைக்கவசத்துக்குள் எடுக்கும் வாந்தி கீழே விழாது, மூச்சுக்குழலை அடைத்து உயிரையே வாங்கிவிடும்.

இஸ்ரோவின் ககன்யான் திட்டம் மூன்று பேரை மூன்று நாள் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் வைத்திருந்து கடலில் இறக்குவது. அத்தகைய குறும் பயணத்தில் எலும்புத் தேய்வு பொருட்டே அல்ல. ஆனால் பயணம் முழுவதுமே இந்தக் குமட்டல் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நோய்வாய்ப்பட்ட நிலையிலும் செய்து முடிக்கக்கூடியபடி வேலைப் பட்டியலை அமைப்பது அவர்களுக்கு மிக முக்கியம்.

காற்று: கண்ணுக்குத் தெரியாத குமிழ்

நிலையத்தின் காற்றழுத்தம் கடல்மட்ட அளவுதான், 101 கிலோபாஸ்கல். ஆக்சிஜனும் 21 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். சிக்கல் கரியமில வாயுவில். ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜனை எடுத்து 1 கிலோ கரியமில வாயுவை விடுகிறார். பூமியில் வெளிக்காற்றில் இதன் அழுத்தம் 0.3 மி.மீ. பாதரசம். நிலையத்தில் 2 முதல் 4 வரை சாதாரணமாக நிற்கும். தலைவலியைப் பற்றி நாசா செய்த ஆய்வு, ஏழு நாள் சராசரி 2.5-க்குக் கீழே இருந்தால்தான் தலைவலி வாய்ப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் என்று கண்டது.

வாயுவை நீக்க அமெரிக்கப் பகுதியில் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தாலான படுகை உண்டு. கரியமில வாயுவைப் பிடித்து வைத்து, சூடாக்கியதும் வெற்றிடத்தில் விட்டுவிடும். ரஷ்யப் பகுதியில் வோஸ்துக் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் நன்றாக ஓடினாலும்கூட ஒரு அபாயம் மிஞ்சும். எடையில்லாத இடத்தில் வெதுவெதுப்பான மூச்சுக்காற்று மேலே எழாது. மின்விசிறி ஓடவில்லையானால், விட்ட மூச்சு முகத்தைச் சுற்றிக் குமிழாக நிற்கும். தூங்குபவர் அதையே திரும்பத் திரும்ப இழுப்பார். நிலையம் முழுவதற்குமான அளவுமானி எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே படுக்கும் முன் தூக்க அறையின் காற்று வரும் வழியைக் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை வடிகட்டி வலைகளில் ஒட்டிய பஞ்சையும் முடியையும் உறிஞ்சியால் எடுக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் புகுந்து நெடுநேரம் பழுது பார்ப்பவருக்குக் கையடக்க விசிறி வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் காரணமின்றி எரிந்து விழுந்தாலோ எளிய வேலையில் தடுமாறினாலோ முதலில் அவர் இருந்த இடத்தின் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எலும்பு, சிறுநீர், குடிநீர்: ஒரே சங்கிலி

பயிற்சி செய்யாமல் இருந்தால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தியை இழக்கும். தடுக்கும் வழி பாரம். 2008-இல் நிலையத்துக்குப் போன பளுப்பயிற்சிக் கருவி வெற்றிட உருளைகளைக் கொண்டு 272 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பு தரும். அதற்கு முன்பிருந்தது பாதியளவே தந்தது, அதனால் அன்று போனவர்கள் தினமும் உழைத்தும் எலும்பை இழந்தார்கள். பயிற்சியின் நேரத்தைவிடப் பாரத்தின் அளவே முக்கியம் என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

அன்றாட ஒதுக்கீடு இரண்டரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாளாவது. கருவியைப் பொருத்துவது, துடைத்துக்கொள்வது எல்லாம் இதற்குள் அடக்கம். உட்கார்ந்து எழும் பயிற்சிக்குப் பாரம் வைக்கும்போது, பூமியில் தூக்கும் எடையோடு உடல் எடையின் பெரும்பகுதியையும் சேர்த்துப் போட வேண்டும். அங்கே உடம்புக்கு எடை இல்லை என்பதை மறந்து பூமிக் கணக்கை அப்படியே வைத்தால், பயிற்சி பாதிகூட ஆகாது. ஓடுபொறியில் தோளிலும் இடுப்பிலும் வாரைக் கட்டி, மீள்கயிற்றால் கீழே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். வார் உராய்ந்து தோல் புண்ணாவதால் பலர் இழுவையைத் தளர்த்திவிடுவார்கள். எலும்புக்குச் சேர வேண்டியது அந்த இழுவைதான். அதனால் தளர்த்துவதற்குப் பதில் வாருக்கு அடியிலுள்ள மெத்தையை இடம் மாற்றி வைத்து, இழுவையை வாரந்தோறும் சிறிது கூட்டிக்கொண்டே போக வேண்டும். நாளுக்கு 800 அலகு வைட்டமின் டி, உப்புக் குறைந்த சாப்பாடு, செலவழிக்கும் ஆற்றலுக்குக் குறையாத உணவு ஆகியவையும் கூடவே வேண்டும். பசி மந்தமாகி எடை குறைந்தால் பயிற்சியின் பலன் கரைந்துபோகும்.

எலும்பை விட்ட கால்சியம் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது சிறுநீருக்குப் போகிறது. முதல் விளைவு சிறுநீரகக் கல். நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தாக வேண்டும். கழிவறை வேலை சிரமம் என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

இரண்டாவது விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிலையம் சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குகிறது. 2009-இல் அந்த வடிகலன் அடைத்துக்கொண்டது. வீரர்களின் சிறுநீரில் கூடுதலாக இருந்த கால்சியம், பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து கால்சியம் சல்பேட்டாகப் படிந்திருந்தது. மீட்கும் நீரின் அளவைக் குறைத்துச் சில ஆண்டு ஓட்டி, பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறித்தான் சரிசெய்தார்கள். 2023-இல் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. வீரரின் இடுப்பு எலும்பும் நிலையத்தின் குடிநீரும் ஒரே கணக்கில் வருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

தலைக்கு ஏறும் நீர்மம்

கால்களில் இருந்த நீர்மம் மேலே நகர்வதால் முகம் ஊதும், கால் மெலியும், மூக்கு எப்போதும் அடைத்தாற்போல் இருக்கும். இதுவரை தாங்கலாம். ஆனால் சிலருக்குக் கண்ணின் பின்பகுதி தட்டையாகி, பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. 2011-இல் ஏழு வீரர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரை இதை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது. முழுக் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. கிட்டப் பார்வை மங்குவதால், முன்கூட்டியே மாற்றுக் கண்ணாடிகளைக் கொடுத்தனுப்புகிறார்கள். விழித்திரைப் படமும் கண் அல்ட்ராசவுண்டும் பயணத்தின் நடுவே பல முறை எடுக்கப்பட வேண்டும். கருவியை வீரர் பிடிக்க, தரையிலிருக்கும் நிபுணர் படத்தைப் பார்த்து ‘இன்னும் இடப்பக்கம்’ என்று வழிகாட்டுவார்.

கழுத்துப் பெருஞ்சிரையிலும் ஓட்டம் மந்தமாகிறது. 11 பேரைச் சோதித்ததில் 6 பேருக்கு இரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது. பயணம் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்த ஒருவருக்கு அங்கே இரத்தக் கட்டியே கண்டுபிடிக்கப்பட்டது. நிலையத்தில் இருந்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் இனாக்ஸாபரின் ஊசி மருந்து கொஞ்சம் மட்டும். கட்டி கரையாமல் வளர்ந்தால் உயிர் போகும், மருந்து கூடினால் இரத்தப்போக்கை நிறுத்த வழியில்லை. அளவைக் கவனமாகப் பங்கிட்டு, சரக்குக் கலம் அதே வேலையைச் செய்யும் அபிக்சபான் மாத்திரைகளைக் கொண்டுவரும் வரை ஓட்டினார்கள். மருந்துக் குப்பியில் காற்றும் திரவமும் தனித்தனியே நிற்காது என்பதால் ஊசியில் மருந்தை உறிஞ்சுவதுகூட அங்கே தனிப் பயிற்சி வேண்டிய வேலை. பூமிக்கு இறங்குவதற்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்தினார்கள், இறங்கும் அதிர்ச்சியில் காயம்பட்டால் இரத்தம் உறைந்தாக வேண்டும் அல்லவா.

கதிர்வீச்சு

ஆறு மாதத்தில் சேரும் அளவு 80 முதல் 160 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாகச் சேர்வது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மட்டும். வாழ்நாள் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பு 600. சூரியப் புயல் எச்சரிக்கை வந்தால், பாலிஎத்திலீன் பலகை பொருத்திய தூக்க அறை போன்ற தடிமனான பகுதிகளுக்குள் ஒதுங்க வேண்டும். ஹைட்ரஜன் மிகுந்த பொருளே இங்கு நல்ல கவசம். அளவுமானியை உடம்பிலிருந்து கழற்றக் கூடாது.

வெளி நடை

நிலையத்தின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல், அமெரிக்க விண்வெளி உடையில் சுமார் 30. நேரடியாக இறங்கினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் மூளையையும் தாக்கும். அதனால் தூய ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இடையில் காற்றடைப்பு அறையின் அழுத்தத்தை 70-க்குக் குறைப்பதும், உடைக்குள்ளேயே கைகாலை மெல்ல அசைத்துப் பயிற்சி செய்வதும் இதை விரைவுபடுத்தும்.

2013 ஜூலை 16 அன்று வெளி நடையில் இருந்த இத்தாலிய வீரர் லூகா பார்மிதானோவின் தலைக்கவசத்துக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் குளிர்விப்பு நீர் புகுந்தது. எடையற்ற நீர் முகத்தில் ஒட்டிப் பரவி மூக்கை மூடியது. கண் தெரியாமல், பாதுகாப்புக் கயிறு சுருட்டிக்கொள்ளும் இழுப்பைத் தொட்டறிந்து உள்ளே திரும்பினார். ஒரு வாரத்துக்கு முந்தைய நடையிலும் கவசத்தில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பையின் கசிவு என்று எண்ணி விட்டுவிட்டார்கள், அதுதான் உண்மையான பிழை. இப்போது கவசத்தின் பின்புறம் நீர் உறிஞ்சும் பட்டையும், இடுப்புப் பகுதியிலிருந்து காற்று இழுக்க ஒரு குழாயும் வைக்கப்படுகின்றன. பட்டை ஈரமாகி மெத்துமெத்தென்று இருக்கிறதா என்று பின்தலையால் அழுத்திப் பார்ப்பது நடையின் நடுவே செய்யும் வாடிக்கையான சோதனை.

மூன்று அபாய ஒலிகள்

தீ: முதலில் காற்றோட்டத்தை நிறுத்த வேண்டும். அங்கே சுடர் தானாக மேலெழாது, விசிறிதான் அதற்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது. பிறகு முகமூடி, அதற்குப் பின் அணைப்பான். 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் தரும் வேதிக் குப்பி எரிந்தபோது, வீரர்கள் பூமி திரும்புவதற்கான இரண்டு சோயுஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் வழியைத் தீ மறித்துவிட்டது, சில முகமூடிகள் வேலை செய்யவில்லை. முகமூடியை எடுத்து அணிந்து பார்க்கும் ஒத்திகை இதனால்தான் விடாமல் நடத்தப்படுகிறது.

அம்மோனியா: வெளிக் குளிர்விப்புக் குழாயில் ஓடுவது இதுதான். மணம் வந்தாலோ மணி அடித்தாலோ முகமூடியோடு ரஷ்யப் பகுதிக்குப் போய்க் கதவை மூட வேண்டும். உடையில் படிந்திருந்தால் கழற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். 2015 ஜனவரியில் இது பொய்யான எச்சரிக்கையாக வந்தது. ஆனாலும் முழு நடைமுறையும் செய்யப்பட்டது, அப்படித்தான் செய்ய வேண்டும்.

காற்றுக் கசிவு: அழுத்தம் குறையும் வேகத்திலிருந்து எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடுவது முதல் வேலை. நேரமிருந்தால் ஒவ்வொரு கதவாக மூடி ஓட்டை எந்த அறையில் என்று கண்டுபிடிக்கலாம், இல்லையென்றால் திரும்பும் கலத்துக்குப் போய்விட வேண்டும். 2018 ஆகஸ்டில் சோயுஸ் எம்எஸ்-09 கலத்தில் கண்ட 2 மில்லிமீட்டர் துளையை எபாக்சிப் பசை தோய்த்த துணியால் அடைத்தார்கள்.

தரையிறங்கும் நாள்

சோயுஸில் ஒவ்வொருவரின் இருக்கை மெத்தையும் அவரவர் உடலை ஜிப்சத்தில் அச்செடுத்துச் செய்தது. மேலே முதுகெலும்பு நீண்டு உயரம் சில சென்டிமீட்டர் கூடுவதால், அச்சில் தலைப்பக்கம் இடம் விட்டிருக்கும். திரும்பும் முன் மெத்தையில் படுத்துச் சரிபார்க்க வேண்டும். தலை மெத்தையின் விளிம்பைத் தொட்டால் தரை மோதும்போது கழுத்து முறியும் வாய்ப்பு உண்டு.

இறங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு உப்பும் நீரும் ஏற்ற வேண்டும். விண்கல ஓடங்களின் காலத்தில் வகுத்த அளவு 1 கிராம் உப்பு மாத்திரை எட்டு, ஏறக்குறைய 900 மில்லிலிட்டர் தண்ணீரோடு. விண்வெளியில் குறைந்துபோன இரத்த நீரின் அளவை இது தற்காலிகமாக நிரப்பும். உப்பில்லாமல் வெறும் தண்ணீர் குடித்தால் சிறுநீராகப் போய்விடும். கால், வயிற்றை இறுக்கும் மீள்துணி உடையையும் விண்வெளி உடைக்குள் அணிய வேண்டும்.

உடையை மூடியதும் கசிவுச் சோதனை. இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்வில், தாழ்வான உயரத்தில் மட்டும் திறக்க வேண்டிய காற்றுச் சமன் வால்வு 168 கிலோமீட்டர் உயரத்தில் திறந்துகொண்டது. அழுத்த உடை இல்லாமல் இருந்த தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் மூவரும் இறந்தார்கள். அதன் பிறகு உடைக்கு இடம் தர, சோயுஸ் சில ஆண்டு இருவரை மட்டுமே ஏற்றியது.

வேகத்தைக் குறைக்கும் எரிப்பு சுமார் 4 நிமிடம் 40 நொடி. வேகம் நொடிக்கு 128 மீட்டர் குறைந்தாலே போதும், பாதை வளிமண்டலத்துக்குள் இறங்கிவிடும். குறைவாக எரிந்தால் இறங்கும் இடமும் கோணமும் தவறும். ககன்யானில் இந்தப் பொறுப்பு சேவைக் கலத்துக்கு. அதன் உந்து அமைப்பு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கப்பட்டது.

வளிமண்டலத்தில் வழக்கமான சுமை 4 முதல் 5 மடங்கு ஈர்ப்பு. கட்டுப்பாடு தவறி வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் இறங்கினால் 8 மடங்குக்கு மேல் போகும். 2008-இல் பெக்கி விட்சன், யூரி மலென்சென்கோ, யி சோ-யியோன் வந்த கலத்தில் அப்படியே நடந்தது. மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பதால் சுமை மார்பிலிருந்து முதுகுக்குப் போகும், இரத்தம் தலையை விட்டு இறங்காது. இந்தக் கட்டத்தில் மூச்சை வயிற்றால் இழுக்க வேண்டும், மார்பை விரிக்க முயன்றால் களைப்புதான் மிஞ்சும். 10.7 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து கலம் பலமாக ஆடும். தரைக்கு 80 சென்டிமீட்டர் இருக்கையில் மோதலை மென்மையாக்கும் மென்னிறக்க எந்திரங்கள் சட்டென்று எரியும். அதற்கு முன் கையை மார்போடு கட்டி, நாக்கை உள்ளே வைத்து, பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

கடலில் இறங்கும் கலங்களுக்கு ஒரு தனி அபாயம், எரிபொருளோடு சேரும் நைட்ரஜன் டெட்ராக்சைடு. 1975-இல் அப்போலோ-சோயுஸ் பயணம் முடித்து இறங்கிய அமெரிக்கர் மூவரும், காற்றுத் துளை வழியே புகுந்த அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் டிராகன் கலம் கடலில் இறங்கியபோது வெளியே இந்த ஆவி தென்பட்டது, அதை அகற்றும் வரை கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டல் இருந்தாலும் அந்தக் காத்திருப்பு அவசியம்.

தரையில் 45 நாள்

வெளியே எடுத்ததும் நிற்க வைக்கக் கூடாது. தூக்கிச் சென்று சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மயக்கம் வந்தால் கிடத்தி, தேவையானால் உப்புநீர் ஏற்ற வேண்டும். தலையைச் சட்டென்று திருப்பினால் வாந்தி வரும். குனிந்து எதையும் எடுக்க விடக் கூடாது. நீண்டிருந்த முதுகெலும்பின் வட்டுகள் பிதுங்கும் வாய்ப்பு திரும்பியவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

பிறகு தினமும் இரண்டு மணி நேரம், 45 நாள் மறுபயிற்சி. முதலில் நடை, நீட்டல், சமநிலை. அடுத்து கண்ணை மூடி நிற்பது, பந்தைப் பிடித்து எறிவது. ஓட்டமும் பளுவும் கடைசிக் கட்டத்தில். பூமியில் பொருள் கையை விட்டால் விழும் என்பதை மூளை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் திரும்பிய சுபான்ஷு சுக்லா, மிதக்கும் என்ற நினைப்பில் மடிக்கணினியைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டதாகச் சொன்னார். இந்தப் பழக்கம் மாறி, சமநிலைச் சோதனையில் தேறும் வரை வண்டி ஓட்டக் கூடாது.

தசையும் சமநிலையும் சில வாரத்தில் திரும்பும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. 17 வீரர்களை ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், 9 பேரின் கணுக்கால் மேல் எலும்பு முழுமையாகத் தேறவில்லை. ஆகவே 45-ஆம் நாளோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் எலும்பு அடர்த்தியையும் கண்ணையும் மறுபடி அளந்து, ஏவுதலுக்கு முன் பதிந்த அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த பயணத்துக்குப் பெயர் பரிசீலிக்கப்படுமானால், இந்த அளவுகளோடு இதுவரை சேர்ந்த மொத்தக் கதிர்வீச்சையும் சேர்த்தே மருத்துவக் குழு முடிவெடுக்கும்.